மருதநாயகம்: செங்கல்பட்டுக் கோட்டையும் டிரில்லும்

சுதந்திர தினத்தன்று நம்ம என்சிசி பசங்க அணிவகுப்பு மரியாதை தருவதைப் பார்த்திருப்பீங்க. 1750-களில் அந்த மாதிரி டிரில் மரியாதைக்கு மட்டும் இல்லை, உயிர் பிழைக்கவும்தான். ஒரு தடவை சுட்டபின் மருந்தும் குண்டும் திணித்து முடிக்கும்வரை துப்பாக்கி வெறும் தடி. ஒருத்தர் திணிக்கும்போது அடுத்தவர் சுடணும். வரிசை குலைஞ்சா போச்சு.

இதில் கைதேர்ந்தவர் பனையூர் மருதநாயகம் என்ற யூசுப்கான். (கமல் படம் வராததால் பெயர் மட்டும் தெரிஞ்சிருக்கும்!) ஆங்கிலேயரிடம் டிரில் பழகியவர், 1754-ல் கம்பெனிச் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதி ஆனார். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். நாம ரயிலில் கடந்துபோகும் செங்கல்பட்டுக் கோட்டை அப்போது கம்பெனி கையில் இருந்தது. அந்தப் பக்கமிருந்து கேப்டன் பிரெஸ்டனும் யூசுப்கானும் லாலியின் படையைப் பின்னாலிருந்து விடாமல் தொல்லை செய்தார்கள். 1759 பிப்ரவரியில் லாலி மூட்டை கட்டினார்.

அப்புறம் மதுரை நிர்வாகம், நவாபோடு பகை. யாருக்காகச் சிப்பாய்களைப் பழக்கினாரோ, அதே கம்பெனி 1763-ல் அவர்மேல் படையெடுத்தது. மதுரைக் கோட்டை மாதக்கணக்கில் தாங்கியது. கடைசியில் கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15-ல் தூக்கு. மதுரை சம்மட்டிபுரத்தில் அவர் சமாதி இருக்கு.