தணிந்த குரல்: இதழாளர் ஜான் ஹெர்சி

படிப்போர் நெஞ்சைக் கலங்கச் செய்யும் உண்மை நிகழ்ச்சியொன்றை இதழில் எழுதப் புகுவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, அதனை எந்தக் குரலில் சொல்வது என்பதாகும். இதற்கு இருபதாம் நூற்றாண்டில் துணிவான விடையளித்தவர் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஹெர்சி.

அவர் 1914ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் சீனாவின் தியன்சின் நகரில் பிறந்தார். பெற்றோர் அங்குச் சமயத் தொண்டாற்றிய அமெரிக்கர். சிறுவயதில் தாயகம் திரும்பி, யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1937இல் ‘டைம்’ ஏட்டில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது களச் செய்தியாளராகப் பணிபுரிந்தார். 1945இல் புதினத்துக்கான புலிட்சர் பரிசு பெற்றபோது அவருக்கு வயது முப்பதே.

1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவின்மீது அணுகுண்டு விழுந்தது. அதன்பின் ஏடுகள் எழுதியவை பெரும்பாலும் குண்டின் ஆற்றலையும் இடிந்த கட்டடங்களையும் பற்றியவையே. அவற்றில் மனிதர் இல்லை என்பதை உணர்ந்தவர், ‘நியூயார்க்கர்’ இதழின் ஆசிரியர் குழுவில் இருந்த வில்லியம் ஷான். அப்பணியை ஹெர்சி ஏற்றார். பயண வழியில் காய்ச்சலுற்றுக் கப்பலில் படுத்திருந்தபோது, தார்ன்டன் வைல்டரின் புதினம் ஒன்றைப் படித்தார். பெரு நாட்டில் தொங்குபாலம் அறுந்து ஐவர் மாண்ட கதை அது. ஒரே பேரிடரில் வந்து சந்திக்கும் சில வாழ்க்கைகள் என்ற அமைப்பு அவருக்கு வழிகாட்டியது.

1946ஆம் ஆண்டின் நடுவில் ஹிரோஷிமா சென்று பலரிடம் உரையாடி, அறுவரைத் தேர்ந்தெடுத்தார். எழுத்தர் குமாரி தொஷிகோ சசாகி, தையற்காரரின் கைம்பெண்ணான திருமதி நகமுரா, மருத்துவர்களான ஃபுஜி, சசாகி, ஜெர்மானியப் பாதிரியார் கிளைன்சோர்கே, மெதடிஸ்ட் போதகர் தனிமோட்டோ ஆகியோர் அவர்கள்.

இனி மொழியைத் திட்டமிட்ட முறையைக் காண்போம். ‘நான்’ என்ற சொல்லை ஹெர்சி அறவே விலக்கினார். சினம், இரக்கம், கண்டனம் ஆகியவற்றைக் காட்டும் அடைமொழிகளையும் தவிர்த்தார். அந்தக் கணத்தில் ஒருவர் அலுவலக இருக்கையில் இருந்தார். ஒருவர் சமையலறைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றொருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். இத்தகைய எளிய செயல்களிலிருந்தே கட்டுரை தொடங்குகிறது. அவர்கள் அறியாததை அந்தந்த வேளையில் ஆசிரியர் பெரும்பாலும் முந்திக்கொண்டு சொல்வதில்லை. விழுந்தது எவ்வகைக் குண்டு என்று அம்மக்கள் அறியாது திகைத்ததுபோலவே வாசகரும் அவர்களோடு நடக்க வேண்டியிருக்கிறது. நேற்றுவரை பகைவராகக் கருதப்பட்ட ஜப்பானியரைத் திருமதி, குமாரி, டாக்டர் என்ற மதிப்பு அடைகளுடன் அவர் குறிப்பிட்டதும் நோக்கத்தக்கது. அமெரிக்க வாசகரின் மனக்கதவை அச்சிறு சொற்கள் ஓசையின்றித் திறந்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.

தமக்கும் வாசகருக்கும் நடுவே எழுத்தாளர் நிற்கலாகாது, அதற்காகவே அந்நடையைத் தெரிந்து மேற்கொண்டதாக அவரே பின்னாளில் விளக்கினார். தாம் அழுதுவிட்டால் வாசகர் அழ இடமிராது என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

நான்கு இதழ்களில் தொடராக வெளியிடவே முதலில் எண்ணினர். தொடரானால் முன்கதைச் சுருக்கம் புகுந்து கதையோட்டம் சிதையும். எனவே முழுவதையும் ஒரே இதழில் இடலாம் என்றார் ஷான். தலைமை ஆசிரியர் ஹெரால்டு ராஸ் தயங்கிப் பின் இசைந்தார். அவர் வரிக்கு வரி ஐயங்கள் எழுப்பித் திருத்தம் கேட்டார். ஏறத்தாழ 31,000 சொற்கள் கொண்ட அக்கட்டுரை 1946 ஆகஸ்ட் 31ஆம் நாளிட்ட இதழை முழுமையாக நிரப்பியது. மேலட்டையிலோ, கோடைப் பூங்காவில் மக்கள் களித்திருக்கும் ஓவியம்! படிகள் விரைவில் விற்றுத் தீர்ந்தன. ஏ.பி.சி. வானொலி நான்கு இரவுகளில் இசை ஏதுமின்றி முழுவதையும் வாசித்து ஒலிபரப்பியது. அவ்வாண்டே நூலாகவும் வந்தது. 1949இல் வந்த ஜப்பானிய மொழிபெயர்ப்பில் போதகர் தனிமோட்டோவுக்கும் பங்குண்டு.

மறுப்பும் எழாமலில்லை. இத்துணைக் கொடுமையை இவ்வளவு அமைதியாகச் சொல்வது உணர்ச்சியற்ற செயல் என்றனர் டுவைட் மெக்டொனால்டு போன்றோர். அவர்தம் குறையை முற்றும் புறந்தள்ள இயலாது. எனினும் மருத்துவர் சசாகி, காயமுற்ற செவிலி ஒருவரின் மூக்குக்கண்ணாடியை வாங்கி அணிந்து, மூன்று நாள் ஏறக்குறைய உறக்கமின்றிக் கட்டுப்போட்ட பகுதியைப் படிப்போர், அங்கே உணர்ச்சி இல்லையென்று எவ்வாறு கூறுவர்?

பின்னர் ஹெர்சி புதினங்கள் பல எழுதினார். யேலில் நெடுங்காலம் எழுத்துக்கலை கற்பித்தார். செய்தியாளர் எதையும் புனைந்து சேர்க்கலாகாது என்று 1980இல் வன்மையாக எழுதினார். அத்தகையவரே 1988இல் பிறர் நூலொன்றின் பகுதிகளை உரிய குறிப்பின்றிப் பயன்படுத்தியமைக்காக வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

1985இல் அவர் மீண்டும் ஹிரோஷிமா சென்று, அறுவரின் நாற்பதாண்டு வாழ்வை அதே தணிந்த குரலில் எழுதினார். குமாரி சசாகி கன்னித்துறவியாகியிருந்தார். டாக்டர் ஃபுஜியும் பாதிரியார் கிளைன்சோர்கேயும் மறைந்துவிட்டனர். 1955இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில், குண்டு வீசிய விமானத்தின் துணை விமானி போதகர் தனிமோட்டோவின் முன்னே கொண்டுவந்து நிறுத்தப்பட்டார். அந்நிகழ்ச்சியையும் விவரித்த ஹெர்சி, தம் கருத்தாக அங்கு எதையும் எழுதவில்லை. 1993 மார்ச் 24ஆம் நாள் அவர் புளோரிடாவின் கீ வெஸ்ட் நகரில் காலமானார்.