மக்கள் பணத்தில் ஓடிய கப்பல்

வ. உ. சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாதர், தாயார் பரமாயி அம்மையார். தந்தையைப் போலவே வழக்கறிஞரான அவர், ஏழைகளுக்காக வாதாடிப் பெயர் பெற்றார். 1900இல் தூத்துக்குடியில் குடியேறினார்.

அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயரின் நிறுவனமே கப்பல் விட்டு வந்தது. சரக்கு அனுப்பிய வணிகரும், பிழைப்புத் தேடிச் சென்ற எளியோரும் அந்நிறுவனம் கேட்ட கட்டணத்தையே செலுத்தினர். நம்மவர் கொடுக்கும் பணம் நம்மை ஆள்வோர்க்கே வலிமை சேர்ப்பதைச் சிதம்பரனார் உணர்ந்தார். 1906ஆம் ஆண்டு அக்டோபரில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார்.

நிறுவனத்தின் முதல் 10 இலட்சம் ரூபாய் எனக் கணக்கிடப்பட்டது. அது 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு 2 இலட்சம் ரூபாய் அளித்தார். ஆயினும் செல்வரை மட்டும் நம்பி அம்முயற்சி தொடங்கப்படவில்லை. ஒரு பங்கின் விலை 25 ரூபாய். அந்நாளில் அது சிறுதொகை அன்று. எனினும் நடுத்தரக் குடும்பம் முயன்றால் எட்டக்கூடியது. சிதம்பரனார் ஊர் ஊராகச் சென்று பங்கு சேர்த்தார். 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடி வந்தடைந்தன.

ஆங்கில நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. இறுதியில் பயணிகளை இலவசமாக ஏற்றிச் செல்லவும், அவர்களுக்குக் குடை பரிசளிக்கவும் முன்வந்தது. அப்போதும் பலர் தம் கைக்காசைக் கொடுத்துச் சுதேசிக் கப்பலிலேயே ஏறினர். மிச்சப்படுத்துவது ஓர் அறிவு. தம் காசு யாரிடம் போய்ச் சேர்கிறது என்று எண்ணிப் பார்ப்பது அதனினும் பெரிய அறிவு என்பதை அப்பயணிகள் செயலால் காட்டினர்.

1908இல் சிதம்பரனார் கைது செய்யப்பட்டார். நாற்பது ஆண்டுத் தண்டனை பெற்று, அது மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டபின், சிறையில் செக்கிழுத்தார். வழிநடத்துவார் இன்றி நிறுவனம் நலிந்து, 1911இல் கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது கப்பலும் இல்லை; வழக்கறிஞர் தொழில் நடத்த உரிமையும் இல்லை. சென்னையில் குடும்பம் வறுமையில் வாடியது.

இந்நிலையைக் கேள்வியுற்ற தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் தமக்குள் பணம் திரட்டிக் காந்தியடிகளிடம் ஒப்படைத்தனர். சில மாதக் கடிதப் போக்குவரத்திற்குப் பின், 1916இல் ஏறத்தாழ 350 ரூபாய் சிதம்பரனாரை அடைந்தது. ஒரு கப்பலுக்கு அது மிகச் சிறிய தொகை. அடுப்பெரியாத வீட்டிற்கோ பெருந்தொகை. கடல் கடந்து வாழ்ந்தோர், தாம் நேரில் காணாத ஒருவருக்காகத் தம் ஊதியத்தில் ஒரு பகுதியை ஒதுக்கினர்.

பின்னர் வழக்கறிஞர் உரிமையை மீண்டும் பெற்ற சிதம்பரனார், 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார். அவர் கப்பல் விட்ட அத்துறைமுகம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.