தென்கரையில் ஒலித்த செங்கோட்டைக் குரல்

ஒருவருடைய குரலின் அழகில் தோய்ந்து, அதனைத் தம் தொண்டையில் வாங்கி, வாழ்நாள் முழுதும் காத்து வந்த ஒரு கலைஞர் நம் தமிழ்நாட்டில் இருந்தார். அவரே நாடறிந்த நடிகரும் பாடகருமான அமரர் டி. ஆர். மகாலிங்கம் அவர்கள். நம் சீத்தா கேம்ப்பில் வாழும் மூத்தோர்க்கு அவரைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவர்தம் பேரப் பிள்ளைகளுக்கோ சொல்ல வேண்டியிருக்கிறது. அதன்பொருட்டே இதனை எழுத முற்பட்டோம். சங்கீத ஞானம் நமக்கு இல்லை; கேட்டுப் பழகிய காது மட்டுமே உண்டு.

மகாலிங்கம் 1924ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்தில், சோழவந்தானுக்கு எதிரே வைகையாற்றின் மறுகரையிலுள்ள தென்கரை என்னும் சிற்றூரில் பிறந்தார். பெயருக்கு முன்னுள்ள எழுத்துகளில் முதலாவது அவ்வூரைக் குறிப்பது. மிக இளம் பருவத்திலேயே நாடக மேடை ஏறினார். அக்காலத்தில் மேடை ஏறிப் பாட விரும்பிய பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே தெய்வம்தான் இருந்தது. அத்தெய்வத்தின் பெயர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா.

கிட்டப்பாவைப் பற்றிச் சிறிது சொல்லாமல் மகாலிங்கத்தைப் பற்றிச் சொல்ல இயலாது. அவர் 1906இல் பிறந்தவர். சிறுவனாக நாடகத்தில் புகுந்து, கன்னையா கம்பெனியில் பெரும்புகழ் எய்தியவர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகள் அவை. கடைசியில் மணல் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாய் விளங்க வேண்டுமாயின், சுருதியை உயர்த்திப் பாடியே தீர வேண்டும். ஆகவே நாடகப் பாடகர்கள் நாலு கட்டை, ஐந்து கட்டை என்று ஏறிப் பாடினர். பிறர் அந்த உயரத்தில் கத்தினார்கள். கிட்டப்பாவோ அங்கேயும் விளையாடினார். அவருடைய சகோதரர் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிக்க, உடன் நடித்துப் பாடக் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் அமைந்தார். இருவரும் 1926இல் கொழும்பில் மேடையில் இணைந்து, பின்னர் வாழ்விலும் இணைந்தனர். 1933 டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். வயது 27. அம்மையார் அன்று உடுத்த வெள்ளையை இறுதிவரை மாற்றவில்லை.

கிட்டப்பா பேசும் படம் ஒன்றிலும் நடித்ததில்லை. அவர் விட்டுச் சென்றவை, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் கிராமபோன் தட்டுகள் மாத்திரமே. அவர் காலமானபோது மகாலிங்கம் ஒன்பது வயதுப் பாலகன். அவ்வயதில் எத்துணை பயின்றிருக்கக் கூடும்? ஆயினும் கிட்டப்பாவின் பாணி இவரிடத்தே வந்து சேர்ந்தது என்பதை இசையுலகம் முழுதும் ஒப்புக்கொண்டது.

ஏ. வி. மெய்யப்பன் அவர்கள் தயாரித்த 'நந்தகுமார்' படத்தில், 1938இல், பாலகிருஷ்ணனாக மகாலிங்கம் திரையில் தோன்றினார். அதனை இயக்கியவர் நம் மராத்தியச் சகோதரர்கள் நன்கறிந்த பிரபாத் கம்பெனியின் நிறுவனர்களுள் ஒருவரான கேசவராவ் தாய்பர். அப்படத்தில் ஒரு நடிகைக்காக வேறொருவர் பாடினார்; தமிழில் பின்னணிப் பாட்டு அதிலிருந்தே தொடங்கியதென்பர். நடிப்பவரே பாட வேண்டும் என்ற நியதிக்குப் பிற்காலத்தில் முடிவு கட்டிய அந்தப் புது முறை, மகாலிங்கத்தின் முதற்படத்திலேயே பிறந்தது வியப்பன்றோ!

அடுத்த ஆண்டு 'பிரகலாதா'வில் பிரகலாதனாக நடித்தார். எனினும் அவர் பெயரை வீடுதோறும் கொண்டுசென்றது 1945இல் வந்த 'ஸ்ரீவள்ளி'. வள்ளி நாடகம் கிட்டப்பாவின் கோட்டை. அதில் அவர் பாடிப் பாடி ஊரெல்லாம் முணுமுணுத்த 'காயாத கானகத்தே' பாட்டை, அதே வேலன் வேடத்தில் மகாலிங்கம் பாட வேண்டியிருந்தது. கிட்டப்பாவை நேரில் கேட்டவர்கள் ஆயிரக்கணக்கில் உயிரோடிருந்த காலம் அது. சற்றே பிசகியிருந்தாலும் அவர்கள் மன்னித்திருக்க மாட்டார்கள். அவர்களே ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்குப் படத்தின் பெருவெற்றியே சான்று.

இரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்பது நம் நெடுநாள் வழக்கம். ஜனதா காலனியிலிருந்து 1976இல் இங்குக் குடியேற்றப்பட்டவர்களுள் நம் தந்தையாரும் ஒருவர். பின்னாளில் அவர் வாங்கி வைத்த ஒலிநாடாக்களில் கேட்டுத் தொடங்கிய பழக்கம், இரவுப் பணி முடிந்து மான்குர்தில் இறங்கி நடக்கையில் இன்றும் தொடர்கிறது. நம் காதுக்குப் பட்டதைச் சொல்கிறோம். கிட்டப்பாவின் பிருகாக்கள் மின்னி மறைகின்றன. எங்கே போயின என்று நாம் தேடுகிறோம். மகாலிங்கம் அதே உயரத்தில் நின்று சொல்லை விடாது பற்றிக்கொள்கிறார். ஆகவே அவரை வெறும் நகல் என்பாரோடு நாம் உடன்படுவதற்கில்லை.

1947இல் 'நாம் இருவர்' அவரை மேலும் உயர்த்தியது. பின்னர் சொந்தமாகப் படமெடுக்கத் துணிந்து 'மச்சரேகை', 'மோகனசுந்தரம்', 'சின்னதுரை', 'விளையாட்டு பொம்மை' ஆகியவற்றைத் தயாரித்தார். பெரும் நஷ்டத்திலும் கடனிலும் அம்முயற்சி முடிந்தது. அதற்குள் காலமும் மாறிவிட்டது. ஒலிவாங்கி வந்தபின் உயர்ந்த சுருதிக்குத் தேவை இல்லை. பின்னணிப் பாடகர்கள் வந்தபின் பாடத் தெரிந்த நடிகர்க்கும் தேவை இல்லை. சுருதியைத் தாழ்த்திக்கொண்டு காலத்தோடு போயிருக்கலாமே என்று நாமும் எண்ணியதுண்டு. அவர் தாழ்த்தவில்லை. 1958இல் கவிஞர் கண்ணதாசன் தாம் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் துணிந்து அவரைக் கதாநாயகனாக்கினார். விசுவநாதன் – ராமமூர்த்தி இசையில் பழைய குரல் புதிய மெட்டுகளில் ஒலித்தது. மறந்திருந்த மக்கள் மீண்டும் திரும்பிப் பார்த்தனர்.

1965இல் ஏ. பி. நாகராஜன் எடுத்த 'திருவிளையாடல்' படத்தைப் பார்க்காதவர் நம் காலனியில் இரார். ஏமநாத பாகவதரின் இசைக்கு அஞ்சி, ஈசன் சந்நிதியில் கலங்கி நிற்கும் பாணபத்திரர் அவரே. அக்கதைப் பகுதியில் மூவர் பாடுகின்றனர். பாலையாவுக்குப் பாலமுரளிகிருஷ்ணாவும், சிவாஜிக்கு டி. எம். சௌந்தரராஜனும் குரல் கொடுத்தனர். முகமும் குரலும் ஒருவருடையதாகவே இருப்பது மகாலிங்கம் ஒருவரிடந்தான். அதே படத்தில் ஔவையாராக வந்து, தம் சொந்தக் குரலில் பாடுபவர் கே. பி. சுந்தராம்பாள். கிட்டப்பா மறைந்து 32 ஆண்டுகள் சென்றபின், அவருடைய துணைவியாரும் அவர் குரலைப் போற்றி வளர்த்தவரும் ஒரே படத்தில் பாடியிருப்பதை, அடுத்த முறை பார்க்கும்போது அன்பர்கள் நினைவிற் கொள்க.

1978 ஏப்ரல் 21ஆம் நாள் மகாலிங்கம் அவர்கள் தம் 53ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

இவ்வாண்டு விழாவில் அவர் பாடல்கள் இரண்டினைப் பாட நம் பிள்ளைகள் சிலர் ஒத்திகை செய்து வருகின்றனர். அவருடைய சுருதியை எட்ட இதுகாறும் ஒருவராலும் இயலவில்லை. இரண்டரைக் கட்டையிலேயே மூச்சு முட்டுகிறது. நல்ல ஆர்மோனியம் வைத்திருப்போர் ஒரு நாள் இரவல் தந்து உதவினால் நலமாயிருக்கும்.