சொன்ன சொல் காத்த சுவார்ட்ஸ் ஐயர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

வாக்குக் கொடுப்பது எளிது. அதைக் காப்பது அரிது. கொடுத்த சொல்லைக் காப்பதும் இறைவழிபாடே எனக் கொண்டு வாழ்ந்த சான்றோர் எல்லாச் சமயங்களிலும் உண்டு. கிறிஸ்தவ சமயத்தில் அத்தகைய ஒருவர் நம் தஞ்சைத் தரணியில் வாழ்ந்து இம்மண்ணிலேயே மறைந்தார். அவர்தாம் கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ். தமிழ் மக்கள் அவரைச் சுவார்ட்ஸ் ஐயர் என்றே அழைத்தனர்.

அன்னை வாங்கிய வாக்கு

1726-ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டில் சோனன்பர்க் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே தாயார் மறைந்தார். மரணப் படுக்கையில் அந்த அம்மையார், மகனை இறைத்தொண்டுக்கே அர்ப்பணித்திருப்பதாகக் கூறி, அதற்குத் துணை நிற்பதாகக் கணவரிடம் வாக்குப் பெற்றுக்கொண்டார். தந்தையும் அவ்வாக்கைக் காத்தார். ஹாலே நகரில் கல்வி பயின்ற சுவார்ட்ஸ் அங்கேயே தமிழும் கற்கத் தொடங்கி, 1750-ல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். பிறகு அவர் தாய்நாடு திரும்பவே இல்லை. திருச்சியில் பணியாற்றியபின், 1778-ல் தஞ்சையைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டார்.

ஆணையிட்டுச் சொல்ல வேண்டிய தேவையே எழாதபடி, ஒருவனுடைய சாதாரணச் சொல்லே போதுமானதாக இருக்கவேண்டும் என்பது இயேசுபிரானின் மலைப்பிரசங்கம் தரும் போதனை. சுவார்ட்ஸ் ஐயரின் வாழ்வு அப்போதனைக்கு விளக்கவுரை எனலாம்.

மாடு கொடுத்த மக்கள்

1769-ல் மைசூரின் ஐதர் அலியோடு ஆங்கிலக் கம்பெனி உடன்படிக்கை செய்தது. ஆனால் மராத்தியர் படையெடுத்தபோது சொன்னபடி உதவ முன்வரவில்லை. 1779-ல் அதே கம்பெனி சுவார்ட்ஸ் ஐயரை ஐதரிடம் தூது அனுப்பியது. தூது பலிக்கவில்லை, மறு ஆண்டே போர் மூண்டது. ஆயினும், கம்பெனியை நம்பாத ஐதர் இவரை நம்பினார். போர்க்காலத்திலும் இவரை யாரும் தடுக்கக்கூடாது எனத் தம் படையினருக்குக் கட்டளையிட்டார்.

1781-ல் போரினால் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் தலைவிரித்தாடியது. மக்கள் பட்டினியால் மாண்டனர். நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதைக் கொண்டுவர மாடுகள் இல்லை. கூலி தருவதாக மன்னர் துளஜாஜி அறிவித்தும் உழவர்கள் மாடு கொடுக்க மறுத்தனர். அவர்கள் முன்பு ஏமாந்தவர்கள்.

அவர்களுடைய மறுப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது. என் தாத்தா வண்டி மாடு வைத்துப் பிழைத்தவர். அறுவடைக் காலத்தில் மூட்டை ஏற்றிச் சென்றுவிட்டு, வாடகைக்காகப் பெரிய மனிதர் ஒருவர் வீட்டு வாசலுக்குப் பல மாதம் நடந்ததை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏழைக்கு மாடுதான் சொத்து. அதை வெறும் சொல்லை நம்பி யார் அவிழ்த்துக் கொடுப்பார்?

ஆனால் சுவார்ட்ஸ் ஐயரின் சொல்லுக்குக் கொடுத்தனர். கூலிக்குத் தாம் பொறுப்பு என்று அவர் சொன்னதும், ஓரிரு நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலத்துக்கு மேல் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. கோட்டை பிழைத்தது, அதனால் கம்பெனிப் படையும் பயனடைந்தது என்பது உண்மையே. எனினும் காரியம் முடிந்ததும் அவர் உழவர்களை மறக்கவில்லை. தம் கையிலிருந்த பிறர் பணத்தையும் எடுத்துச் சேர்த்துக் கூலியைத் தீர்த்து, சிறு அன்பளிப்பும் தந்து அனுப்பினார்.

மன்னருக்குத் தந்த வாக்கு

1787-ல் துளஜாஜி மரணத் தறுவாயில் இருந்தார். தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஒப்படைக்க விரும்பினார். முழுப் பொறுப்பையும் ஏற்க ஐயர் தயங்கினார். செய்ய இயலாததை ஒப்புக்கொள்வது அவர் வழக்கமன்று. ஆயினும் பிள்ளையைக் கவனித்து வருவதாகச் சொன்னார்.

மன்னர் மறைந்ததும் தத்து செல்லாது என்று கூறி, மன்னரின் சகோதரர் அமர்சிங் அரியணை ஏறினார். சிறுவன் சரபோஜி படிப்பின்றி அடைபட்டுக் கிடந்தான். வாக்குப் பெற்றவரோ இறந்துவிட்டார், கேட்பதற்கு ஆளில்லை. ஆனால் கடவுள் கேட்பார் என்பது ஐயரின் நம்பிக்கை. அவர் சிறுவனுக்குக் கல்வி கிடைக்கப் போராடினார். 1793-ல் அவன் சென்னைக்கு அனுப்பப்பட்டுப் பாதுகாப்புடன் கல்வி பெற்றான். அவனது உரிமையை விளக்கி ஐயர் கம்பெனி மேலிடத்துக்கும் எழுதினார்.

1798 பிப்ரவரி 13-ஆம் நாள், 71-ஆம் வயதில் சுவார்ட்ஸ் ஐயர் காலமானார். அதே ஆண்டு ஜூன் மாதம் சரபோஜி அரியணை ஏறினார்! அந்நாளைக் காண ஐயருக்குக் கொடுத்து வைக்கவில்லை. சரபோஜி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். மதம் மாறாததால் ஐயரின் அன்பு குறையவில்லை. மன்னரின் நன்றியும் குறையவில்லை. சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல்லில் நினைவுச் சின்னம் செய்வித்துத் தஞ்சையில் நிறுவினார். சிவகங்கைத் தோட்டத்தருகேயுள்ள தேவாலயத்தில், மரணப் படுக்கையிலுள்ள ஐயரின் கையை மன்னர் பற்றி நிற்கும் அக்காட்சியை நான் நேரில் கண்டு நெகிழ்ந்தேன்.

மாணவ நண்பர்களே! எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என்னைச் சேர்க்க என் தந்தை வாங்கிய கடனுக்குப் பத்திரம் கிடையாது. அவருடைய வாய்ச்சொல்தான் ஈடு. எழுத்தறியாதவர்களிடம் இருக்கும் இந்தச் செல்வத்தைப் பட்டம் பெறும் நாம் இழந்துவிடலாமா? கேட்க ஆளில்லாதபோதும் காக்கப்படுவதே வாக்கு. அதைச் சுவார்ட்ஸ் ஐயரிடம் கற்போம்.