கடலில் இறங்கிய வக்கீல்

நம்ம திண்டுக்கல் பக்கம் கடல் கிடையாது. நமக்குத் தெரிந்ததெல்லாம் தோட்டத்துக் கிணத்து நீச்சல்தான். கை ஓய்ந்துபோனால் படிக்கட்டைப் பிடித்துக்கொள்வோம். பிடிப்பதற்குப் படியே இல்லாத தண்ணீரில் இரண்டு நாளைக்கு மேல் போராடிய ஒரு மனிதரைப் பற்றி இந்த முறை எழுதுகிறேன்.

வி. எஸ். குமார் ஆனந்தன் இலங்கை வல்வெட்டித்துறைக்காரர். பிறந்தது 1943. தொழில் வக்கீல். அவர் ஊருக்கு எதிர்க்கரை நம்முடைய கோடியக்கரை. நடுவிலே பாக் நீரிணை. 1954-ல் நவரத்தினசாமி என்ற இலங்கைத் தமிழர் அதை நீந்திக் கடந்தார். ஆனந்தனோ 1971-ல் வந்தது மட்டுமல்ல, நீந்தியே திரும்பியும் போனார்! போக வர 51 மணி நேரம். ஜனங்கள் அவரை ஆழிக்குமரன் என்று அழைத்தார்கள்.

அதோடு நின்றாரா? இல்லை. 1980-ல் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். 1981-ல் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் மூழ்காமல் மிதந்தார். ஆனால் கவனியுங்கள், ஒற்றைக்கால் சாதனையை 1982-ல் நம்ம சத்தியமங்கலத்து ரவி என்பவர் 34 மணி நேரம் நின்று முறியடித்துவிட்டார். இரண்டே வருஷம்! எண்ணிக்கையை நம்பிப் பேர் வாங்கினால் அந்தப் பேர் அவ்வளவுதான் நிற்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி விடியற்காலையில் மலைக்கோட்டையைச் சுற்றி ஓடுகிறான். நெடுந்தூர ஓட்டங்களில் கலந்துகொள்வான். ஒருமுறையும் பரிசு வாங்கினதில்லை. நானும் ஓட்டக்காரன்னு சொல்லிக்கலாமா ஐயான்னு ஒருநாள் கேட்டான். நான் ஆனந்தனின் கதையைத்தான் சொன்னேன்.

1984-ல் ஆனந்தன் இங்கிலீஷ் கால்வாயில் இறங்கினார். மிகக் குறுகிய இடத்திலேயே சுமார் 34 கிலோமீட்டர். உடம்பை விறைக்க வைக்கும் குளிர். திசை மாறி மாறி இழுக்கும் நீரோட்டம். துணைக்கு வரும் படகை நீந்துகிறவர் தொடக்கூடாது. தொட்டால் கணக்கில் சேராது. ஆகஸ்ட் 6-ம் தேதி, அந்த முயற்சியிலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 41. இதை எழுதுகிற என்னைவிடச் சின்னவர்!

அக்கரை சேராததால் அவர் நீச்சல் வீரர் இல்லை என்று யாராவது சொன்னார்களா? ஒருவரும் சொல்லவில்லை. வல்வெட்டித்துறையில் இன்று பிள்ளைகள் நீந்தப் பழகும் குளத்துக்கு அவர் பெயர்தான் இருக்கிறது. கரை சேர்ந்ததினால் மட்டும் அந்தப் பேர் வரவில்லை, பிரியமானவர்களே. கோர்ட்டு வேலையும் பார்த்து, யாரும் கட்டாயப்படுத்தாமல், திரும்பத் திரும்பத் தண்ணீரில் இறங்கினாரே, அதினால் வந்தது.

ஆனாலும் அந்தத் தம்பிக்கு இன்னொன்றும் சொன்னேன். உடம்பு போதும் என்று சொல்லும்போது நிறுத்தத் தெரிவதும் பொறுமையில் ஒரு பாகம். இன்று நிறுத்தினவன்தான் நாளைக்கு ஓடலாம். வீட்டில் காத்திருக்கிறவர்களுக்குப் பதக்கம் வேண்டாம். நீ திரும்பி வந்தால் போதும்.

பரிசு இல்லாவிட்டாலும் நாளைக் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படுகிறாயா? அப்படியானால் தாராளமாகச் சொல்லிக்கொள், நீ ஓட்டக்காரன்தான். வீரன் என்ற பேரை மட்டும் ஊரார் வாயிலிருந்து வரட்டும்.