553 டாலரில் மறுபிறவி எடுத்த படகு: தனியாக உலகைச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகம் யார்?

பழைய ஃபைபர் கிளாஸ் மோட்டார் படகு ஒன்றை வாங்கி, சுரண்டி, தேய்த்து, புதுசாக்கும் வீடியோக்கள் உங்கள் ஃபீடில் எப்போதாவது வந்திருக்கும். அவற்றில் பெரும்பாலும் ஒரே கதைதான். வெளியே ஃபைபர் கிளாஸ் நன்றாகத்தான் இருக்கும். தரையைப் பிரித்தால் உள்ளே இருக்கும் மரச் சட்டங்கள், மோட்டார் மாட்டும் பின்பலகை எல்லாம் தண்ணீர் இறங்கி உளுத்துப் போயிருக்கும். வார இறுதியில் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தவர் ஒரு வருஷம் கழித்தும் ஷெட்டிலேயே இருப்பார்.

இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு பெயர் ஜோஷுவா ஸ்லோகம். ஃபைபர் கிளாஸ் படகுகள் வருவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே, வயலில் கிடந்த ஓட்டைப் படகு ஒன்றைத் தன் கையால் மீட்டு, அதிலேயே தனி ஆளாக உலகைச் சுற்றி வந்தவர். ஆனால் அவருக்கு அது பொழுதுபோக்கு இல்லை. வேறு வழியில்லாமல்தான் கையில் எடுத்தார்.

யார் இந்த ஸ்லோகம்?

1844இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். அப்பா பூட்ஸ் தைப்பவர். அந்தப் பட்டறை வேலை மகனுக்குப் பிடிக்கவில்லை. 14 வயதில் வீட்டை விட்டு ஓடி, மீன்பிடிப் படகு ஒன்றில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். திரும்பி வந்தார். அம்மா இறந்த பிறகு 16 வயதில் நிரந்தரமாகக் கடலுக்குப் போய்விட்டார்.

பள்ளிப் படிப்பு குறைவு. ஆனால் மாலுமியாகத் தொடங்கி, கப்பலிலேயே வானியல் கணக்குகளைக் கற்று, 20களின் நடுவிலேயே கேப்டனாகிவிட்டார். 1871இல் சிட்னியில் வர்ஜீனியா என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். அதன்பின் கப்பல்தான் வீடு. 7 குழந்தைகள் பிறந்தன. அவர்களில் 4 பேர்தான் பிழைத்து வளர்ந்தார்கள்.

1880களின் தொடக்கத்தில் 'நார்தர்ன் லைட்' என்ற பிரம்மாண்டமான பாய்மரக் கப்பலுக்கு அவர் கேப்டன். தொழிலில் அதுதான் உச்சம்.

எங்கே சறுக்கியது?

இரண்டு அடிகள் ஒரே நேரத்தில் விழுந்தன.

முதலாவது, நீராவி. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு நீராவிக் கப்பல்களின் கை ஓங்கியது. காற்றுக்காகக் காத்திருக்காமல் சொன்ன தேதிக்குச் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை அவை. பாய்மரக் கப்பல்களுக்கு வாடகை குறைந்தது, வேலையும் குறைந்தது. பல கேப்டன்கள் நீராவிக்கு மாறினார்கள். ஸ்லோகம் மாறவில்லை. பாய்மரம்தான் அவருக்குத் தெரிந்த தொழில், அதில் அவர் கில்லாடியும்கூட. ஆனால் அந்தத் திறமைக்கு மார்க்கெட் சுருங்கிக்கொண்டே வந்தது. இன்றைக்கு ஆபீஸில் புது சாஃப்ட்வேர் வந்ததும் சீனியர்களுக்கு வரும் அதே பயம், அன்று கடலில் இருந்தது.

இரண்டாவது, வர்ஜீனியாவின் மரணம். 1884இல் புவனோஸ் அய்ரஸில், 'அக்விட்நெக்' கப்பலில் இருந்தபோதே அவர் இறந்தார். ஸ்லோகம் அதிலிருந்து முழுசாக மீளவே இல்லை என்று பிள்ளைகள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள்.

1886இல் உறவுக்காரப் பெண்ணான ஹென்ரியட்டாவை மறுமணம் செய்தார். அடுத்த வருஷமே அக்விட்நெக் பிரேசில் கரையில் தரைதட்டி நொறுங்கியது. இன்ஷூரன்ஸ் கிடையாது. மனைவி, இரண்டு மகன்களோடு அந்நிய நாட்டில் மாட்டிக்கொண்டார்.

வேறொருவராக இருந்தால் ஊர் திரும்ப யாரிடமாவது டிக்கெட் காசு கேட்டிருப்பார். ஸ்லோகம் கிடைத்த மரத்தையும், உடைந்த கப்பலிலிருந்து தேறிய பொருட்களையும் வைத்து 35 அடிப் படகு ஒன்றைக் கட்டினார். 1888 மே 13, பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்த அதே நாளில் அது தண்ணீரில் இறங்கியது. அதனால் 'லிபர்டேட்', அதாவது விடுதலை என்று பெயர் வைத்தார். 55 நாள் கடல் பயணத்தில் குடும்பத்தை அமெரிக்கக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதோடு ஹென்ரியட்டாவுக்குக் கடல் ஆசை தீர்ந்துவிட்டது.

அந்த ஓட்டைப் படகு எப்படிக் கிடைத்தது?

1892. ஸ்லோகமுக்கு வயது 48. கப்பல் இல்லை, கையில் காசும் இல்லை. பாஸ்டனில் பழக்கமான ஈபன் பியர்ஸ் என்ற திமிங்கில வேட்டைக் கேப்டனைச் சந்தித்தார். தன்னிடம் ஒரு கப்பல் இருப்பதாகவும், கொஞ்சம் ரிப்பேர் செய்தால் போதும், சும்மாவே எடுத்துக்கொள்ளலாம் என்றும் பியர்ஸ் சொன்னார்.

சும்மா கிடைக்கிற கப்பலை யார் விடுவார்கள்? மறுநாளே மாசசூசெட்ஸின் ஃபேர்ஹேவன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே கடலிலிருந்து தள்ளி, ஒரு வயலில், முட்டுக் கொடுத்து நிறுத்தி, மேலே துணி போர்த்தியபடி நின்றது அந்தக் 'கப்பல்'. பெயர் 'ஸ்ப்ரே'. எந்தக் காலத்தில் கட்டியது என்று ஊரில் யாருக்கும் தெரியாத அளவுக்குப் பழைய படகு. 7 வருஷமாகவே ஊர்க்காரர்கள் அதன் கதி என்னவாகும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். உடைத்து விறகாக்கத்தான் ஆள் வந்திருக்கிறது என்றே முதலில் நினைத்தார்கள். பியர்ஸ் தன்னைக் கலாய்த்திருக்கிறார் என்பது ஸ்லோகமுக்கும் புரிந்தது.

ஆனாலும் அவர் திரும்பிப் போகவில்லை. போக வேறு இடமும் இல்லை.

அவர் செய்தது ரிப்பேரா, புதுப் படகா?

வேலை நடந்த வரிசையைப் பார்த்தால் இன்று படகு மீட்பவர்களுக்கும் அதில் பாடம் இருக்கிறது.

முதலில் பக்கத்துப் புல்வெளியில் இருந்த ஓக் மரத்தை வெட்டி, அடிக்கட்டையைச் செதுக்கினார். படகுக்கு முதுகெலும்பு அதுதான். அது சரியாக இல்லையென்றால் மேலே என்ன செய்தாலும் வீண்.

அடுத்து விலா மரங்கள். நேரான கட்டைகளை நீராவிப் பெட்டியில் வேகவைத்தால் மரம் இளகும். சூடு ஆறுவதற்குள் ஒரு மரத்தண்டின் மேல் வளைத்துக் கட்டிவிட வேண்டும். ஆறியதும் அந்த வளைவு அப்படியே நின்றுவிடும். நீராவிதான் அவர் தொழிலைப் பறித்தது, அதே நீராவியை வைத்துத்தான் அவர் படகை மீட்டார்.

பிறகு ஜார்ஜியா பைன் மரத்தில் ஒன்றரை அங்குலப் பலகைகள். கடைசியாகப் பலகை இடுக்குகளில் பஞ்சையும் நாரையும் திணித்து அடைத்து, அடிப்பக்கம் செப்புப் பெயின்ட்.

ஒரு பழைய மரத்தை எடுத்த இடத்தில் ஒரு புது மரத்தை வைப்பது, இதுதான் அவருடைய முறை. முடிவில் பழைய ஸ்ப்ரேயில் மிச்சம் ஏதும் இருந்ததா என்றே தெரியாத நிலை. அப்படியானால் இது அதே படகா? ஒரேயடியாக உடைத்துக் கட்டினால் புதுப் படகு. துண்டு துண்டாக மாற்றிக்கொண்டே வந்தால் எல்லாம் மாறிய பிறகும் அதே படகுதான். கப்பல் பதிவு நிறுவனமான லாய்ட்ஸின் கணக்கு இது என்று ஸ்லோகம் தன் புத்தகத்தில் விளக்கினார்.

வேலை நடக்கும்போது ஓய்வுபெற்ற திமிங்கில வேட்டைக் கேப்டன்கள் வந்து நின்று பார்ப்பார்கள், கருத்து சொல்வார்கள். பெட்ரோலியம் வந்ததால் திமிங்கில எண்ணெய்க்கு மவுசு போன காலம் அது. அவர்களும் ஸ்லோகம் மாதிரியே காலாவதியான தொழில்காரர்கள்தான்.

மொத்தம் 13 மாத உழைப்பு. பொருட்களுக்கான செலவு 553 டாலர் 62 சென்ட். கிடைத்தது 36 அடி 9 அங்குல நீளம், 14 அடிக்கு மேல் அகலம் கொண்ட உறுதியான படகு.

ஒரு சீசன் அதை வைத்து மீன் பிடித்துப் பார்த்தார். தூண்டிலில் இரை கோர்க்கும் சாமர்த்தியம்கூடத் தனக்கு இல்லை என்று தெரிந்ததுதான் மிச்சம். கடைசியில், 1895 ஏப்ரல் 24 அன்று, 51 வயதில், பாஸ்டனிலிருந்து தனியாகக் கிளம்பினார்.

பயணத்தில் என்ன நடந்தது?

- ஒரு டாலர் கடிகாரம்: கடலில் இருக்கும் இடத்தைக் கணிக்கத் துல்லியமான கடிகாரம் வேண்டும். அவரிடம் இருந்ததைப் பழுது பார்க்க 15 டாலர் கேட்டார்கள், வேண்டாமென்று விட்டுவிட்டார். நோவா ஸ்கோஷியாவில் முகப்பு உடைந்த தகரக் கடிகாரம் ஒன்றை ஒரு டாலருக்கு வாங்கினார். போகப் போக அதன் நிமிட முள்ளும் கழன்று விழுந்தது.

- திசை மாறிய திட்டம்: சூயஸ் வழியாகக் கிழக்கே போவதுதான் முதல் திட்டம். மத்தியதரைக் கடலில் கொள்ளையர் தொல்லை என்று ஜிப்ரால்டரில் எச்சரித்ததால், மேற்கே திரும்பி அட்லான்டிக்கை இன்னொரு முறை கடந்தார். அப்படியும் மொராக்கோ அருகே ஒரு கொள்ளைப் படகு துரத்தியது. பெரிய அலை ஒன்று அதன் பாய்மரத்தை முறித்ததால் தப்பினார்.

- ஆணிக் காவல்: தென்னமெரிக்காவின் முனையில் உள்ள மெகல்லன் நீரிணையில் இரவுத் தாக்குதலுக்கு அஞ்சி, தெரிந்தவர் கொடுத்த கம்பள ஆணிகளைத் தளத்தில் பரப்பிவிட்டுத் தூங்கினார். ஏறியவர்கள் அலறிக்கொண்டு குதித்தார்கள் என்று எழுதியிருக்கிறார். அந்தப் பூர்வகுடிகளை வெள்ளையர்கள் வேட்டையாடிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் தரப்புக் கதை நமக்குக் கிடைக்கவில்லை.

- தானாக ஓடிய படகு: ஆஸ்திரேலியாவின் வடக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலின் கீலிங் கோகோஸ் தீவுகள் வரை 2,700 மைல், 23 நாள். அதில் சுக்கான் சக்கரத்தைக் கையில் பிடித்திருந்தது மொத்தமே 3 மணி நேரத்துக்கும் குறைவு. நீண்ட அடிக்கட்டை, சரியாகச் சமன்செய்த பாய்கள். சக்கரத்தைக் கயிற்றால் கட்டிவிட்டால் போதும், ஸ்ப்ரே தன் வழியில் போகும். ஸ்லோகம் சமைத்தார், படித்தார், தூங்கினார்.

1898 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட் துறைமுகத்தை அடைந்தார். 3 வருஷம் 2 மாதம், சுமார் 46,000 மைல். உலகைத் தனியாகக் கடல்வழியில் சுற்றிய முதல் மனிதர். இத்தனைக்கும் அவருக்கு நீச்சல் தெரியாது என்பார்கள்.

அதற்குப் பிறகு?

1900இல் வெளிவந்த அவரது பயண நூல் நன்றாக விற்றது. அந்தப் பணத்தில் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் ஒரு சின்னப் பண்ணை வாங்கி விவசாயம் பார்த்தார். கரை வாழ்க்கை ஒட்டவில்லை. குளிர்காலம் வந்தால் ஸ்ப்ரேயை எடுத்துக்கொண்டு கரீபியன் பக்கம் போய்விடுவார்.

மறைக்கக் கூடாத இன்னொரு பக்கமும் உண்டு. 1906இல் நியூஜெர்சியில் ஒரு சிறுமியிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகக் கைதானார். குற்றச்சாட்டை எதிர்த்து அவர் வழக்காடவில்லை. 42 நாள் சிறையில் இருந்து வெளியே வந்தார். சாகசக்காரர் என்று கொண்டாடும் பல கட்டுரைகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

வயது ஏறியது. ஒருகாலத்தில் இழைத்து இழைத்துப் பார்த்துக்கொண்ட ஸ்ப்ரேயின் பராமரிப்பும் குறைந்தது. கடைசி வருடங்களில் படகைப் பார்த்தவர்கள் அதன் நிலைமையைக் கண்டு கவலைப்பட்டார்கள். தென்னமெரிக்காவின் ஒரினோகோ, அமேசான் நதிகளைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பியவர் திரும்பவே இல்லை. படகும் கிடைக்கவில்லை. அவர் 1909 நவம்பர் 14 அன்று இறந்ததாக 1924இல் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

என்ன ஆகியிருக்கும்? இரவில் ஏதோ ஒரு நீராவிக் கப்பல் மோதியிருக்கும் என்பது மூத்த மகன் விக்டரின் ஊகம். வேறு சிலர் படகின் வடிவத்தையே கைகாட்டுகிறார்கள். அகலமான படகு சுலபத்தில் சாயாது. ஆனால் ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் தானாக நிமிராது.

இன்று ஏன் பேசுகிறோம்?

ஸ்ப்ரேயின் அளவுகளை ஸ்லோகம் தன் புத்தகத்திலேயே கொடுத்திருந்தார். அதைப் பார்த்து மரத்திலும் இரும்பிலும் ஃபைபர் கிளாஸிலும் நூற்றுக்கணக்கானவர்கள் தங்களுக்கென ஒரு ஸ்ப்ரேயைக் கட்டியிருக்கிறார்கள், பலர் வீட்டுத் தோட்டத்திலேயே. 2010இல் உலகைத் தனியாகச் சுற்றி முடித்த முதல் இந்தியரான கடற்படை அதிகாரி திலீப் தோந்தேயின் 'மாதேய்' படகும் கோவாவில் கட்டப்பட்டதுதான். நடுவில் மரம், வெளியே ஃபைபர் கிளாஸ்.

பழைய படகு வாங்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், ஸ்லோகம் வேலை செய்த வரிசையை நினைவில் வையுங்கள். பெயின்டைப் பார்த்து மயங்காதீர்கள். முதலில் உள்ளே இருக்கும் மரத்தைத் தட்டிப் பாருங்கள். மீட்ட பிறகும் வருஷா வருஷம் தட்டிப் பார்த்துக்கொண்டே இருங்கள். 13 மாதம் பார்த்துப் பார்த்துச் செய்தவரே கடைசியில் கோட்டைவிட்ட வேலை அது.