ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள்

தத்துவ ஆராய்ச்சி கல்லூரி ஆசிரியர்க்கே உரியதென்றும், பிழைப்பின்பொருட்டு வேறு தொழில் மேற்கொண்டார்க்கு அஃது இயலாதென்றும் கருதுவார் பலர். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றங்களிலும் இராசபாளையத்துப் பஞ்சாலைகளிலும் பகலெல்லாம் உழைத்து, இரவில் நூலோதும் அன்பர் சிலரும் இவ்வெண்ணத்தால் தளர்தல் கூடும். அன்னார்பொருட்டு இப்பெரியாரது வரலாற்றைச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பிள்ளையவர்கள் 1864-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் தோன்றினார்கள். பி. ஏ., பி. எல். பட்டங்கள் பெற்று, பின்னர் ஜில்லா முன்சீப் பதவியில் அமர்ந்தார்கள். வழக்குகளை ஆராய்ந்து தீர்ப்பெழுதுதலே அவர்கள் தொழில்; சித்தாந்த நூல்களை உலகறியச் செய்தலோ அவர்கள் மேற்கொண்ட தவம். அதற்கெனத் தனியே ஓய்வு வாய்க்குமென்று அவர்கள் காத்திருந்திலர்.

அப்பணியின் முறை நோக்கத்தக்கது. பன்னிரண்டு சூத்திரங்களேயுடைய சிவஞான போதத்தை முதற்கண் எடுத்துக்கொண்டு, 1895-இல் ஆங்கிலத்தில் உரைக்குறிப்புக்களுடன் வெளியிட்டார்கள். மறு ஆண்டிலே திருவருட்பயன் வெளிவந்தது. 1897-இல் சித்தாந்த தீபிகை என்னும் திங்களிதழ் தோன்றிற்று. திங்கள்தோறும் எழுதியே தீரவேண்டுமென்னும் கட்டுப்பாடு, பெரும்பணியைச் சிறு கூறுகளாக்கி நிறைவேற்ற உதவிற்று. பிறரும் ஆசிரியப் பொறுப்பில் தோள்கொடுக்க, அவ்விதழ் 1914 வரை நடைபெற்றது. அதில் வந்த கட்டுரைகள் முதலியன 1911-இல் ஒரு நூலாயின. விரிந்த நூலாகிய சிவஞான சித்தியார் மொழிபெயர்ப்பு 1913-இல் நூல்வடிவம் பெற்றது. முதனூலுக்கும் இதற்கும் இடையே பதினெட்டாண்டுகள் சென்றன.

மேனாட்டு அறிவியலைக் கண்டு அவர்கள் அஞ்சவுமில்லை, அதற்கு அடிமைப்படவுமில்லை. உடலும் மனமும் எவ்வாறு இயைந்துள்ளன என்பது பெயின் முதலிய மனநூலாரை மயக்கிய வினா. இதற்கு உயிரெழுத்து மெய்யெழுத்துக்களின் இயைபைப் பிள்ளையவர்கள் உவமையாகக் காட்டினார்கள். உயிரின்றி மெய் தானே ஒலியாது. ககரத்துள் அகரம் மெய்யோடு பிரிப்பின்றி நிற்பினும் மெய்யாகிவிடுவதில்லை. ஒன்றுமன்று, வேறுமன்று; இதுவே அத்துவிதத்தின் பொருளென்பது அவர்கள் துணிபு. தமிழ்ப் பள்ளிச் சிறாரும் அறிந்த நெடுங்கணக்கு, உலகத் தத்துவ வழக்கொன்றில் சான்றாக வந்து நின்றது!

1920-இல் பிள்ளையவர்கள் சிவபதமெய்தினார்கள். நாம் கொள்ளவேண்டியது யாது? ஆண்டு பல வேண்டுமே என்று அஞ்சி நிற்பாரிடத்தும் அவ்வாண்டுகள் கழிந்தே போகும். ஒரு முதனூலைப் பற்றுக. அதனை முடித்து வெளியிட்டே அடுத்ததைத் தொடுக. கற்றாரது தடைக்கு விடையிறுக்க ஓரவை நாடுக. தொழில் தடையன்று, தொடங்காமையே தடை.